கேனின் முன்பக்கம் சொன்னதும் சோதனைக்கூடம் சொன்னதும்

ஒரு புதிய டிபிஎஃப்பின் விலை, அப்போது என் காரை விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. அதற்கு முன்னால் காரணம் தெரியாமல் மாற்றிய உதிரிபாகங்கள், கூலி, கார் நின்றுகிடந்த வாரங்கள் எல்லாம் தனி. இத்தனைக்கும் மூலகாரணத்தில் பெரும்பங்கு, நல்லதென்று நம்பி, வழக்கமான ஆயிலைவிட ஒன்றரை மடங்கு விலை கொடுத்து ஊற்றிய என்ஜின் ஆயில். டிபிஎஃப் என்பது டீசல் கார்களின் புகைக்குழாயில் இருக்கும் துகள் வடிகட்டி. டீசல் கார் வைத்திருப்பவர்கள் பலருக்கு அது இருப்பதே டாஷ்போர்டில் விளக்கு எரியும்போதுதான் தெரியவருகிறது. அந்த வடிகட்டிக்கும் ஆயில் கேனில் அச்சிட்டிருக்கும் பெருமைகளுக்கும் என்ன தொடர்பு என்பதை எனக்குச் சொல்ல ஆளில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

காரின் கையேட்டில் ஆயிலைப் பற்றி இரண்டு விஷயங்கள் இருந்தன. ஏசிஇஏ (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கம்) வகுத்த சி3 வகை, 5டபிள்யூ-30 பாகுநிலை. அத்துடன் கார் நிறுவனத்தின் சொந்த ஒப்புதல் எண் ஒன்று. வழக்கமாக ஊற்றும் ஆயில் ஒருமுறை கிடைக்கவில்லை. கடைக்காரர் வேறொரு கேனை எடுத்து வைத்து, "இது அதைவிட மேல்" என்றார். முன்பக்கத்தில் "முழு சிந்தெடிக்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே "மாலிப்டினம் கவசம்", "30 சதவீதம் கூடுதல் சேர்க்கைப்பொருள்கள்", "நீண்ட ஆயுள்". பின்பக்கத்தில், கண்ணாடி போட்டுப் படிக்கவேண்டிய எழுத்தில், "ஏசிஇஏ சி3 தேவைகளை எட்டும்". கையேட்டில் இருந்த சி3 என்ற எழுத்து கேனிலும் இருந்தது. பிறகென்ன வேண்டும்? அடுத்த சில ஆண்டுகள் அதே ஆயில்தான்.

தொல்லை மெதுவாகத்தான் தலைகாட்டியது. காரை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் மின்விசிறி சத்தமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். சிக்னலில் நிற்கும்போது என்ஜின் வேகம் தானாகக் கொஞ்சம் ஏறும். டீசல் முன்பைவிட வேகமாகத் தீர்ந்தது. இவையெல்லாம் வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் வேலையின் அடையாளங்கள். சேர்ந்த புகைக்கரியை 600 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் எரித்து வெளியேற்றுவதற்காக, என்ஜின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சுகிறது. இது எப்போதாவது நடந்தால் இயல்பு. எனக்கு ஒருமுறை நிரப்பிய டீசல் தீருவதற்குள் மறுபடி மறுபடி நடந்தது. ஒருநாள் ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தபோது, குறைந்திருக்கவேண்டிய ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. முகர்ந்தால் டீசல் வாடை. பாதியில் நின்றுபோகும் ஒவ்வொரு சுத்திகரிப்பிலும் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலக்கிறது என்று பின்னால்தான் புரிந்தது. ஆயில் குறைந்தால் கவலைப்பட நமக்குத் தெரியும். டீசல் வண்டியில் அளவு ஏறினாலும் கவலைப்படவேண்டும். என்னைக் கேட்டால், அதிகமாகவே.

பிறகு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்டி வேகமெடுக்க மறுத்தது. அங்கிருந்து ஆளுக்கொரு காரணம் சொல்லத் தொடங்கினார்கள். அழுத்த உணரியை மாற்றினார்கள். புகையில் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வைக் கழற்றிக் கழுவினார்கள். இன்ஜெக்டர்களைச் சோதிக்க அனுப்பினார்கள். கணினியை இணைத்துக் கட்டாயச் சுத்திகரிப்பு செய்தார்கள். விளக்கு அணைந்தது, கொஞ்ச நாளில் மீண்டும் எரிந்தது. ஒவ்வொரு முறையும் பில் நீண்டதே தவிர, "என்ன ஆயில் ஊற்றுகிறீர்கள்?" என்று கேட்பார் இல்லை. ஒரு இடத்தில், ஆயிலில் கலக்கும் "என்ஜின் டிரீட்மென்ட்" பாட்டில் ஒன்றை விற்கப் பார்த்தார்கள். மேசைமேல் சிறு இயந்திரம் வைத்திருந்தார்கள். சுழலும் உலோக வளையத்தின்மேல் ஒரு பேரிங்கை அழுத்துவார்கள்; சாதாரண ஆயிலில் அது கிறீச்சிட்டு நின்றுவிடும்; அவர்கள் பாட்டிலிலிருந்து நாலு சொட்டு விட்டால், எவ்வளவு அழுத்தினாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர்கள் சொக்கித்தான் போவார்கள். ஆனால் அந்தச் சோதனை அளப்பது கடும் அழுத்தத்தில் உலோகத்தோடு உலோகம் உரசும் நிலையை. அது கியர் எண்ணெய்க்கும் கிரீஸுக்கும் பொருந்தும். ஓடும் என்ஜினின் பேரிங், ஆயில் படலத்தின்மேல் மிதந்துதான் சுற்றுகிறது. குளோரின் கலந்த பாராஃபின் அந்த மேசைச் சோதனையில் பிரமாதமாகத் தேறும். அதே பொருள் என்ஜினின் வெப்பத்தில் சிதைந்து உலோகத்தை அரிக்கும் அமிலத்தைத் தரக்கூடியது. இந்த வகை பாட்டில்களின் கதை பழையது. பிடிஎஃப்இ, அதாவது டெஃப்லான் வகைப் பொருள் கலந்த ஸ்லிக் 50-இன் விளம்பரங்கள் மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் புகார் எழுப்பி, 1997-இல் அது உடன்பாட்டில் முடிந்தது. 1999-இல் டியூரா லூப், மோட்டார் அப் ஆகியவற்றின் மீதும் அதே ஆணையம் நடவடிக்கை எடுத்தது. தேய்மானம் குறையும், என்ஜின் ஆயுள் கூடும் என்ற கூற்றுகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதே சாரம். அந்தப் பாட்டிலை நான் வாங்கவில்லை. அந்த ஆண்டுகளில் மிச்சமான ஒரே பணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கடைசியாகப் போன பட்டறையில் வயதான மெக்கானிக் ஒருவர் வடிகட்டியைக் கழற்றி, வெளியேறும் பக்கத்திலிருந்து காற்றைப் பீய்ச்சினார். விரித்துவைத்த தாளில் வெளிர்சாம்பல் நிறத் தூள் கொட்டியது. அதில் கொஞ்சம் எடுத்து என் விரல்களுக்கு நடுவே தேய்க்கச் சொன்னார். புகைக்கரியாக இருந்தால் விரல் கறுக்கும், பிசுபிசுக்கும். இது நறநறவென்று இருந்தது. விரலில் கறையே இல்லை. "தம்பி, இது கரி இல்லை, சாம்பல். டீசலிலிருந்து இவ்வளவு வராது. என்ன ஆயில் ஊற்றுகிறீர்கள்?" என்றார். கரி எரியும்; சாம்பல் ஏற்கனவே எரிந்து முடிந்தது, அதை இன்னொரு முறை எரிக்க வழியில்லை. எத்தனை முறை கட்டாயச் சுத்திகரிப்பு செய்தாலும் வடிகட்டியின் குழல்களுக்குள் கெட்டித்து நிற்கும். ஆயில் மட்டுமே குற்றவாளி இல்லை என்றும் அவர் சொன்னார். குறுகிய தூர ஓட்டமும், என் என்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கும் ரகமாக இருந்ததும் சேர்ந்துதான் இப்படியாகியிருக்கிறது.

அதன்பிறகுதான் அதே ஆயிலின் உடைக்காத கேன் ஒன்றிலிருந்து ஒரு மாதிரியையும், என்ஜினிலிருந்து வடித்த ஆயிலில் ஒரு மாதிரியையும் ஆயில் பரிசோதனைக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினேன். இதற்கான செலவு, அதுவரை கொடுத்த பில்களில் எதற்கும் ஈடாகாத சிறுதொகை. வந்த அறிக்கை ஒரே பக்கம். புதிய ஆயிலில் கால்சியம் 3,400 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பாஸ்பரஸ் 1,050, துத்தநாகம் 1,150, சல்ஃபேட் சாம்பல், அதாவது ஆயிலை எரித்தால் மிஞ்சும் சாம்பலின் அளவு, 1.3 சதவீதம். சி3 வகைக்கு ஏசிஇஏ வகுத்த வரம்பில் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, பாஸ்பரஸ் 0.07 முதல் 0.09 சதவீதம், அதாவது 700 முதல் 900 பிபிஎம்முக்குள் இருக்கவேண்டும். என் கேனில் இருந்தது நல்ல ஆயில்தான். வடிகட்டி இல்லாத பழைய என்ஜின்களுக்கான ஏ3/பி4 வகையின் சாயலில் இருந்த நல்ல ஆயில். சி3 என்ற பெயர் மட்டும்தான் அதற்குச் சொந்தமில்லை.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டால் விளம்பர வாசகங்களை எடைபோடுவது எளிது. ஆயிலின் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய். அதில் கலக்கும் சேர்க்கைப்பொருள்களில் கால்சியமும் மெக்னீசியமும் அழுக்கைக் கழுவி, எரிதலில் உண்டாகும் அமிலத்தை முறிப்பதற்கு. துத்தநாகமும் பாஸ்பரஸும் இசட்டிடிபி என்ற தேய்மானத் தடுப்புப் பொருளிலிருந்து வருகின்றன. மாலிப்டினம் உராய்வைக் குறைக்க. இவற்றோடு உலோகமே இல்லாத சேர்க்கைகளும் உண்டு: கரியைத் திரளவிடாமல் மிதக்கவைப்பவை, ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவை, பாகுநிலையைக் காப்பவை. என்ஜின் குடிக்கும் ஆயில் எரியும்போது உலோகச் சேர்க்கைகள்தான் சாம்பலாகின்றன. ஒரு லிட்டர் ஆயில் ஏறக்குறைய 850 கிராம். 0.8 சதவீதம் என்றால் லிட்டருக்குச் சுமார் 7 கிராம் சாம்பல், 1.3 சதவீதம் என்றால் 11 கிராம். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிக்கும் என்ஜின் 60,000 கிலோமீட்டரில் 12 லிட்டரை எரிக்கும். அதிலேயே 50 கிராம் வித்தியாசம் வந்துவிடுகிறது. எல்லாமே வடிகட்டியில் போய்ச் சேராது என்றாலும், தாளில் கொட்டிய தூளைப் பார்த்தவனுக்கு 50 கிராம் எவ்வளவு என்று தெரியும்.

"30 சதவீதம் கூடுதல் சேர்க்கைப்பொருள்கள்" என்று முன்பக்கத்தில் பெருமையாக அச்சிட்டிருந்தார்களே, அது ஒருவேளை உண்மையாகவே இருக்கலாம். அந்தக் கூடுதல்தான் என் வடிகட்டியை அடைத்தது. எதைவிட 30 சதவீதம் என்பது மட்டும் கேனில் எங்கேயும் இல்லை. ஒப்பிடும் விளம்பரங்களில் எப்போதும் தேடவேண்டியது இந்த "எதைவிட" என்ற சொல்லைத்தான். "நான்கு மடங்கு தேய்மானப் பாதுகாப்பு" என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது போட்டி ஆயிலைவிட நான்கு மடங்கு அல்ல. தரநிலை அனுமதிக்கும் உச்சவரம்போடு ஒப்பிட்டது. உதாரணமாக, ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் எஸ்என் தரத்துக்கான சீக்வென்ஸ் 4ஏ என்ற 100 மணிநேரச் சோதனையில், வால்வுகளை இயக்கும் கேமின் தேய்மானம் சராசரியாக 90 மைக்ரானைத் தாண்டக்கூடாது. ஓர் ஆயில் 22 மைக்ரானில் முடித்தால் "நான்கு மடங்கு" என்று எழுதிக்கொள்ளலாம். பக்கத்து அலமாரியில் இருக்கும் ஆயிலும் 22-ஐ ஒட்டியே முடித்திருக்கக்கூடும்.

மாலிப்டினம் கவசத்தையும் பார்த்துவிடுவோம். அறிக்கையில் மாலிப்டினம் 3 பிபிஎம். உராய்வைக் குறைக்கவேண்டுமென்றே சேர்க்கும்போது அது பல பத்துகளிலும், சில ஆயில்களில் நூறுகளிலும் இருக்கும். 3 என்பது கலவைத் தொட்டியில் முந்தைய ஆயில் விட்டுச்சென்ற மிச்சமாகக்கூட இருக்கலாம். கேனில் வரைந்திருந்த பளபளக்கும் கவசப் படத்துக்கு இதைவிட அதிகமாகச் செலவிட்டிருப்பார்கள். "முழு சிந்தெடிக்" என்பதிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒருகாலத்தில் இந்தப் பெயர் பாலிஆல்ஃபாஓலிஃபின் போன்ற, ஆலையில் மூலக்கூறாகக் கட்டிய எண்ணெய்களைக் குறித்தது. கச்சா எண்ணெயை ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்துச் செய்யும் மூன்றாம் பிரிவு எண்ணெயை காஸ்ட்ரால் நிறுவனம் சிந்தெடிக் என்று விற்றபோது மொபில் நிறுவனம் ஆட்சேபித்தது. அமெரிக்க விளம்பரத் துறையின் சுயகண்காணிப்பு அமைப்பு 1999-இல் காஸ்ட்ராலுக்குச் சாதகமாக முடிவு சொன்னது. அதன்பின் பல நாடுகளில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். ஆனால் ஜெர்மனியில் "முழு சிந்தெடிக்" என்பதற்கு இன்னும் கறாரான பொருள் உண்டு. மூன்றாம் பிரிவு எண்ணெய் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. இப்போது என் காரில் இருப்பதும் அதுவாகத்தான் இருக்கவேண்டும். அந்தச் சொல்லுக்காக அதிக விலை கொடுக்கவேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

அறிக்கை கையில் வந்ததும் எதிர்ப்பக்கத்துக்குச் சாய்ந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. நானும் கொஞ்சநாள் ஊரிலிருக்கும் ஆயில்களின் பிபிஎம் எண்களையெல்லாம் தேடித்தேடி ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். இந்தச் சோதனை தனிமங்களைத்தான் எண்ணுகிறது, சேர்மங்களை அல்ல. துத்தநாகம் இத்தனை என்று சொல்லும். அது எந்த வகை இசட்டிடிபி, எந்த வெப்பத்தில் வேலை செய்யும் என்று சொல்லாது. ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களும் உலோகமில்லாத உராய்வுக் குறைப்பான்களும் இதன் கண்ணில் படுவதேயில்லை. அதிக எண் என்றால் நல்ல ஆயில் என்றும் இல்லை. சேர்க்கைகள் எல்லாமே ஒரே உலோகப் பரப்பில் இடம்பிடிக்கப் போட்டியிடுகின்றன; ஒன்றைக் கண்டபடி கூட்டினால் இன்னொன்றின் வேலை கெடும். புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கியைப் பாஸ்பரஸ் கெடுக்கும் என்பதால்தான் 2004-இல் வந்த ஐஎல்எஸ்ஏசி ஜிஎஃப்-4 என்ற பெட்ரோல் கார் ஆயில் தரம் அதை 0.08 சதவீதத்துக்குள் அடக்கியது. தேய்மானப் பாதுகாப்பு போய்விடக்கூடாதென்று 0.06 என்ற கீழ்வரம்பும் வைத்தது. நேரடிப் பீய்ச்சல் கொண்ட டர்போ பெட்ரோல் என்ஜின்களில் கால்சியம் மிகுந்த ஆயில், குறைந்த வேகத்தில் நேரம் தவறிப் பற்றிக்கொள்ளும் கோளாறைத் தூண்டுகிறது என்று தெரிந்தபிறகு, கால்சியத்தைக் குறைத்து மெக்னீசியத்தைச் சேர்த்தார்கள். 2020 மே மாதம் வந்த ஏபிஐ எஸ்பி தரத்தில் இதற்கென்றே தனிச் சோதனை இருக்கிறது. "துத்தநாகம் கொட்டிக்கிடக்கிறது" என்று யாராவது ஓர் ஆயிலைப் புகழ்ந்தால், எந்த என்ஜினுக்கு என்று கேளுங்கள்.

உண்மையில் எனக்குச் சோதனைக்கூடமே தேவைப்பட்டிருக்காது. ஆயில் நிறுவனத்தின் தளத்தில் அந்த ஆயிலின் தொழில்நுட்பத் தாள் இலவசமாகவே கிடைத்தது. பாகுநிலை, தீப்பற்றும் வெப்பம், உறையும் வெப்பம் என்று வரிசையாக இருந்தது. டிபிஎன் என்ற கார எண் 10.2 என்று தடித்த எழுத்தில் இருந்தது. சல்ஃபேட் சாம்பலுக்கு வரியே இல்லை. சி3 என்று சொல்லிக்கொள்ளும் ஆயிலின் தாளில் இருந்தே ஆகவேண்டிய எண் அது. கார எண்ணின் பெரும்பகுதி கால்சியம், மெக்னீசியம் சேர்க்கைகளிலிருந்து வருவதால், அது உயர்ந்தால் சாம்பலும் சேர்ந்தே உயரும். சி3 ஆயில்களில் கார எண் பொதுவாக 6 முதல் 8 வரை இருக்கும். 10-ஐத் தாண்டியும் சாம்பல் 0.8-க்குள் என்று ஒருவர் சொன்னால் அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். தாளில் "மாதிரி மதிப்புகள்" என்று அடிக்குறிப்பு இருப்பதையும் கவனியுங்கள். அவை உத்தரவாதம் அல்ல. பாதுகாப்புத் தரவுத் தாள் என்ற இன்னொன்றும் உண்டு. ஆபத்தான பொருள்களை மட்டும், அதுவும் சதவீத வரம்புகளாகச் சொல்வதால், செய்முறையை அதிலிருந்து பிடித்துவிடலாம் என்று நம்பவேண்டாம்.

வாரண்டி கேட்டுப் போனபோது கார் நிறுவனத்தின் ஆள் என் கேனைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "எங்கள் ஒப்புதல் எண் எங்கே?" இல்லை. அத்தோடு கதை முடிந்தது. "ஒப்புதல் பெற்றது" என்பது ஒன்று. "தேவைகளை எட்டும்", "பயன்படுத்த ஏற்றது", "பரிந்துரைக்கப்படுகிறது" என்பவை வேறு. முதலாவதில், கார் நிறுவனம் ஆயிலைச் சோதித்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மற்றவற்றைச் சொல்பவர் ஆயிலை விற்பவர் மட்டுமே. ஏபிஐ உரிமம் வழங்குகிறது; எந்த ஆயிலுக்கு உரிமம் இருக்கிறது என்பதை அதன் இணையப் பட்டியலில் எவரும் தேடலாம். ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸோஸ் என்ற ஆயில் தரத்துக்கு உரிம எண் உண்டு. மெர்சிடீஸ் தன் ஒப்புதல் பட்டியலை வெளியிடுகிறது. ஏசிஇஏ ஆயில்களுக்கு உரிமம் தருவதில்லை. அதன் தரத்தை எட்டுகிறேன் என்று சொல்வது ஆயில் நிறுவனத்தின் சொந்தப் பொறுப்பு. கேனை நம்பாமல், ஒப்புதல் தருபவரின் பட்டியலில் ஆயிலின் முழுப்பெயரைத் தேடுவதுதான் வழி. முழுப்பெயர் என்பது முக்கியம். ஒரே பிராண்டில் ஓர் எழுத்து மட்டும் மாறிய பெயரில், வேறு செய்முறையோடு இன்னொரு ஆயில் இருக்கும்.

ஆயில் நிறுவனத்துக்கு அறிக்கையோடு எழுதினேன். முதலில் பதிலே இல்லை. பிறகு, பொருளை முறையாகப் பயன்படுத்தியிருக்கமாட்டேன் என்றார்கள். அதன்பிறகு, செய்முறை தயாரிப்புத் தொகுப்புக்குத் (பேட்ச்) தொகுப்பு மாறலாம் என்றார்கள். சாம்பல் எவ்வளவு என்ற கேள்விக்கு மட்டும் கடைசிவரை எண்ணாகப் பதில் வரவில்லை. நான் விடாமல் எழுதியதும் நல்லெண்ண அடையாளமாக ஒன்று அனுப்புவதாகச் சொன்னார்கள். அதே ஆயில், இரண்டு கேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பில், தொகுப்பு எண், உடைக்காத மாதிரி மூன்றும் கையில் இருந்ததால்தான் அவர்கள் அந்த அளவுக்காவது இறங்கி வந்தார்கள். எனவே எந்த ஆயில் ஊற்றினாலும், கேனின் பின்பக்கத்தைத் தொகுப்பு எண்ணோடு படமெடுத்து, பில்லோடு சேர்த்து வையுங்கள்.

வடிகட்டியைத் தனியாகக் கழற்றிச் சுத்தம் செய்து தருபவர்களும் இருக்கிறார்கள். புதிது வாங்குவதற்கு முன் அதைத்தான் முயன்றேன், செலவும் அதில் ஒரு சிறுபங்குதான். கெட்டித்த சாம்பல் பாதிதான் வந்தது. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இருக்கும் அழுத்த வித்தியாசம் இறங்கவில்லை, மாற்றத்தான் வேண்டியிருந்தது. விளக்கு முதல்முறை எரிந்தபோதே செய்திருந்தால் பலன் இருந்திருக்கும் என்று அவர்களே சொன்னார்கள். உங்களுக்கும் இந்த அறிகுறிகள் தெரிந்தால், உணரிகளை மாற்றச் சம்மதிப்பதற்கு முன், வடிகட்டியில் இருப்பது கரியா சாம்பலா என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஓடிய ஆயிலைச் சோதனைக்கு அனுப்புவதென்றால், வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கிய பிறகு வடியுங்கள். அடியில் படிந்த அழுக்கோடு வரும் முதல் ஒழுக்கை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். அறிக்கையில் டீசல் கலப்பு எத்தனை சதவீதம் என்பதையும் கேட்டு வாங்குங்கள். எனக்கு அது 6-ஐத் தாண்டியிருந்தது. வடிகட்டியோடு பேரிங்குகளையும் பார்க்கவேண்டும் என்று மெக்கானிக் சொன்னதற்கு அந்த எண்தான் காரணம். நல்லவேளையாக அவற்றுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.